சூப்புக்கும் சர்க்கரைக்கும் நடுவே ஒரு சுரம்

கச்சிராயபாளையம் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது டீச்சரின் மகள் போன் செய்தார். "அம்மா காலைல போய்ட்டாங்க, தமிழய்யா." அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பினேன். பாட்டு டீச்சர் கல்யாணியோடு கள்ளக்குறிச்சியில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவன் நான். அவருடைய ஆர்மோனியம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவர் சீன மொழி கற்றுக்கொடுத்தது சிலருக்கே தெரியும்.

டீச்சர் சிங்கப்பூரில் பிறந்தவர். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதால் சீனப் பள்ளியில் படித்தார். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அந்த மொழிக்கு வேலையில்லாமல் போனது. அப்போதுதான் கருணாபுரத்து முருகனுக்குச் சிங்கப்பூரில் சீனர் ஒருவரின் ஓட்டலில் சமையற்கட்டு வேலை கிடைக்கும்போல் இருந்தது. கொஞ்சமாவது சீனம் பேச வேண்டுமாம். கூலி வேலையிலிருந்து தப்பிக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை; டீச்சரிடம் வந்தார். குரல் ஏறி இறங்கினால் பொருள் மாறும் மொழி அது, பாட்டாகவே சொல்லித்தருகிறேன் என்றார் டீச்சர்.

எனக்கு நம்பிக்கையில்லை. "ஒரே சொல்ல மேலயும் கீழயும் இழுத்தா பொருள் எப்படிங்க மாறும்?" என்று கேட்டேன்.

"கோவத்துல 'இன்னா'ன்னு சொல்றீங்க, ஆசையாவும் 'இன்னா'ன்னு சொல்றீங்க. ராகம் மாறினா நமக்கு மனசு மாறுது. அவங்களுக்குப் பொருளே மாறுது" என்றார்.

ஆர்மோனியத்தில் பஞ்சமத்தை அழுத்தி, அசையாமல் 'தாங்' என்று பாடினார். அது சூப். காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறி 'தாங்' என்றார். அது சர்க்கரை. பேசும்போது முருகனுக்குப் பிடிபடாத வித்தியாசம் பாடும்போது பிடிபட்டது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் அந்தச் சமயத்தில்தான் மூண்டது. புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. பேருந்து இல்லை. யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று தெருவே கண்கொத்திப் பாம்பாய்ப் பார்த்தது. "கதவச் சாத்திக்கினு இன்னாத்தப் பாடறாங்க?" என்று எதிர்வீட்டுக்காரர் என்னிடமே விசாரித்தார். ஒரு மாலை, சீனச் சொற்களைப் பாட்டாய் முணுமுணுத்துக்கொண்டே டீச்சர் வீட்டுக்கு நடந்து வந்த முருகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

டீச்சரும் நானும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். முருகனின் கன்னம் வீங்கியிருந்தது.

"சீனத்துல பாட்டா? மலைமேல ஒளிஞ்சிருக்கற எந்த நக்சலைட்டுக்கு சேதி போவுது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

டீச்சர் முருகனைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, மாற்றி மாற்றிப் பாடினார். முருகன் சூப், சர்க்கரை என்று சரியாகவே சொன்னார்.

"முன்னாடியே பேசி வச்சிருப்பீங்க."

"அப்ப உங்க ஆளு ஒருத்தரக் குடுங்க சார்."

பஜனை பாடும் கான்ஸ்டபிள் ஒருவர் முன்னால் வந்தார். சற்று நேரத்தில் அவரும் தடுமாறாமல் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "இன்னாவோ இருக்குது. இன்னும் புடிபடல" என்று சொல்லித்தான் முருகனை அனுப்பினார். அதன்பின் பல நாள் டீச்சர் வீட்டுக்கு எதிர் டீக்கடையில் மஃப்டியில் ஒருவர் நின்றார்.

"நின்னுக்கினு இருக்கட்டும். நான் கதவத் தொறந்து வச்சே பாடறேன்" என்றார் டீச்சர்.

முருகன் சிங்கப்பூர் போனார். முதல் விடுமுறையில் வந்தபோது நேராக டீச்சரைப் பார்க்க வந்தார். "மொதல்ல மொதலாளி சிரிச்சாருங்க டீச்சர். பேசச் சொன்னா பாடறியேன்னாரு. ஆனா சர்க்கர கேட்டப்ப சர்க்கரயத்தான் குடுத்தேன்."

டீச்சர் அதை அப்படியே நம்பிவிடவில்லை. நீளநீளமாகச் சீனத்தில் பேசச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார். "வேகமாப் பேசறப்ப நான் குடுத்த சுரம் அப்படியே நிக்கல. வளையுது. நான் பாதிதான் குடுத்திருக்கேன். மீதிய உன் காது புடிச்சிருக்குது" என்றார்.

"எப்படியோ ஜெயிச்சுட்டீங்க" என்றேன்.

"ஜெயிச்சுட்டேன்னு யாராவது சொன்னாதான் எனக்கு சந்தேகமே வருது, தமிழய்யா."

எதிரே இருப்பவர் பேசும்போது டீச்சர் முகத்தைச் சற்றுத் திருப்பி, காதை அவர் பக்கம் வைத்துக்கொள்வார். இப்போது யாராவது எனக்கு விளங்காத ஒன்றைச் சொன்னால், பொய் என்று முடிவு கட்டுமுன் என் தலையும் அப்படியே திரும்புகிறது. அது கல்யாணி டீச்சர் விட்டுப்போனது. எனக்கு அது போதும்.