நடுவில் சுற்றிய டேப்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே கறிக்கடைக்குப் போகும் நேரத்தில், நான் கட்டிலுக்கடியிலிருந்து அந்த ரோலரை இழுத்துப் போடுவேன். ஓர் இரும்புச் சட்டம், அதில் முன்சக்கரத்துக்கு ஓர் உருளை, பின்சக்கரத்துக்கு இரண்டு. சைக்கிளை அதன்மேல் ஏற்றி மிதித்தால் சக்கரங்கள் சுழலும், சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். பந்தயக்காரர்கள் வீட்டுக்குள் பயிற்சி செய்வதற்கான சாதனம். தூசி துடைப்பேன். ஒவ்வோர் உருளையையும் கையால் சுழற்றி, பேரிங் சத்தம் போடுகிறதா என்று காதை வைத்துக் கேட்பேன். முன்னுருளையையும் பின்னுருளையையும் இணைக்கும் பெல்ட் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஏழு வருடமாக இதில் யாரும் ஏறியதில்லை. பழைய இரும்புக்குப் போடச் சொல்லிச் சொல்லி என் மனைவிக்கு அலுத்துவிட்டது. எனக்கோ போடவும் மனம் வரவில்லை, பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

இதைச் செய்தது எங்கள் லைன் லீடர் அக்காவுக்காக. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில், பொருள்களை உருளைகள்மேல் நகர்த்தும் கன்வேயர் பெல்ட்டுகளின் பராமரிப்பு பார்ப்பவன். அக்காவுக்குப் போச்சம்பள்ளிப் பக்கம், விவசாயக் குடும்பம். மூக்கண்டப்பள்ளியில் இரண்டு பெண்களோடு வீடு எடுத்துத் தங்கியிருந்தார். மாவட்ட அளவில் சைக்கிள் பந்தயம் ஜெயித்தவர். ஷிப்டு முழுக்க நின்று வேலை பார்த்தாலும் கால் சும்மா இருக்காது, குதிகால் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த வருடம் மாநில அணிக்கான தேர்வு வந்தது. “இந்த வாட்டி தேறலன்னா வூட்ல கல்யாணத்தப் பண்ணி வெச்சிடுவாங்க தம்பி. அப்பறம் சைக்கிளாவது ஒண்ணாவது” என்றார். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் பயிற்சிக்கு ஞாயிறு மட்டும்தான் போக முடிந்தது. மற்ற நாட்களில் லாரிகளுக்கு நடுவே என்ன வேகம் மிதிப்பது? கழித்துப்போட்ட கன்வேயர் உருளைகளை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, நானே ரோலர் செய்து தருகிறேன் என்று மார்தட்டினேன்.

செய்தும் கொடுத்தேன். அவர் வீட்டுப் பின்கட்டில் போட்டோம். முதலில் சேற்றில் மிதிப்பதுபோல இருக்கிறது என்றார். கன்வேயருக்குப் போடுகிற கெட்டி கிரீஸை பேரிங்கில் அடைத்து வைத்திருந்தேன். கழுவிவிட்டு லேசான எண்ணெய் விட்டதும் சரியாயிற்று. அடுத்து, “இடது பக்கமாவே இழுக்குது தம்பி” என்றார். ரிப்பேர் என்று வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சட்டத்தை மூலைக்கு மூலை அளந்தேன், சரியாக இருந்தது. உருளைகள் ஒன்றுக்கொன்று கோணாமல்தான் இருந்தன. சைக்கிளின் சக்கரத்தையும் கழற்றி மாட்டினேன். தரையை மட்டும் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் தரை எப்போதும் மட்டமாகத்தான் இருக்கும், அதைச் சந்தேகப்படும் பழக்கமே எனக்கு இல்லை.

கன்வேயர் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடினால் நாங்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. உருளையின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தடிப்பாக்கிவிடுவோம். பெல்ட் தானாக மேடேறி நடுவுக்கு வந்துவிடும். அதையே இங்கும் செய்தேன். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிச் சுற்றி மூன்று உருளைகளுக்கும் நடுவில் மேடு கட்டினேன். “என்னாத்துக்கு தம்பி இது?” என்று அக்கா சந்தேகமாகக் கேட்டார். “ஏறுங்கக்கா. இனிமே நீங்களே நினைச்சாலும் ஒதுங்க முடியாது” என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு.

பெல்ட்தான் மேடேறும். சக்கரம் மேட்டிலிருந்து சரியும். இது எனக்கு உறைப்பதற்குள் அக்கா வேகம் பிடித்துவிட்டார். முன்சக்கரம் நடுவிலிருந்து வழுக்கிச் சட்டத்தைத் தாண்டியது. அவர் தோள் துவைக்கிற கல்லில் போய் மோதியது. கவிழ்ந்த பாட்டிலிலிருந்து தண்ணீர் நேராக இடப்பக்கம் ஓடியது. பாத்திரம் கழுவும் தண்ணீர் வடிவதற்காகத் தரையை அந்தப் பக்கம் சாய்த்துப் பூசியிருக்கிறார்கள். சட்டத்தின் இடது காலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்திருந்தால் போதும், வேறு ஒன்றுமே செய்திருக்க வேண்டாம்.

காறை எலும்பு முறிந்திருந்தது. கூட இருந்த பெண்கள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பைக்கில் பின்னாலேயே வருகிறேன் என்று சொன்ன நான், திரும்பிப் போய் டேப் முழுவதையும் உரித்து என் பையில் திணித்துக்கொண்டேன். அதன் பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். இதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மூன்று மாதம் கழித்து அக்கா மறுபடி ஏறினார். மாநிலத் தேர்வு முடிந்துபோயிருந்தது. இந்த முறை பலகை வைத்து, ரசமட்டம் பார்த்துத்தான் நிறுத்தியிருந்தேன். சைக்கிள் கோடு போட்டதுபோல ஓடியது. ஆனால் அவர் சுவரைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. “மிஷின் நல்லாத்தான் சுத்துது. எனக்குத்தான் நேரா ஓட்ட வரல” என்று இறங்கிவிட்டார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “போகப் போகச் சரியாயிரும்க்கா” என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரமே சைக்கிளை விற்றார், ரோலரை என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த வருடமே கல்யாணமும் ஆயிற்று.

இப்போது அவர் அதே தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். போன வாரம் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வந்தோம். மகளுக்கு சைக்கிள் வாங்கியிருப்பதாகச் சொன்னார். “நீங்களே கத்துக் குடுங்கக்கா” என்றேன். “அய்யோ, எனக்கே பேலன்ஸ் கெடயாது. அவங்கப்பாவே சொல்லித் தரட்டும்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. டேப் மேடு சக்கரத்தைச் சரித்தது, தரை சாய்ந்திருந்தது, ஆட்டோ போனதும் உரித்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். திட்டுவார், முகத்தில் விழிக்காதே என்பார் என்று காத்திருந்தேன்.

அக்கா தன் கைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்ப, நான் நேராத்தான் ஓட்டினேனா?”

“நேராத்தான் ஓட்டினீங்கக்கா. நான் கட்டுன மேடுதான் தள்ளிருச்சு.”

அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து, தாண்டியும் போய்விட்டது. டிரைவரிடம் சொல்ல எழுந்தேன். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“இன்னொரு வாட்டி சொல்லு தம்பி” என்றார்.