ரெண்டு பேருக்கும் ஒரு ‘இ’

மரியகொரெட்டியின் வாய் சும்மா இருக்காது. மலேசியாவில் கோலா கிளாவாங் போகும் வழியில் இருக்கிற எங்கள் பாமாயில் செம்பனைத் தோட்டத்தில், கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது அவளுக்கும் எனக்கும் வேலை. போன வருடம் அவள் அந்தக் கன்றுகளிடம் ஸ்பானிஷ் பேச ஆரம்பித்தாள்.

மகள் பெவர்லி ஸ்பெயினில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். கொரெட்டிக்கோ காலில் ரத்த உறைவு. விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளைப் பார்த்துக்கொள்ளும்படி சம்பந்தியம்மா ரொசாரியோவிடம் கேட்கலாமென்றால், மொழிபெயர்ப்பது பெவர்லி. அம்மா அரை மணி நேரம் சொல்வதை அவள் அரை வரியில் முடித்துவிடுவாள்.

“நானே கேக்குறேன்லா, என் வாயால,” என்றாள் கொரெட்டி.

கைப்பேசியில்தான் பாடம். நம்முடைய ‘உம்’முக்கு அங்கே ‘இ’யாம். ‘ஹரோல்டும் நானும்’ என்று புருஷனையும் தன்னையும் சேர்த்துச் சொல்ல, இவள் ‘ஹரோல்ட் இ, யோ இ’ என்பாள். கைப்பேசி தப்பு என்று கத்தும்.

“நடுவுல ஒரு ‘இ’ போதுமாம், கொரெட்டி.”

“அது எப்படி? ஒருத்தருக்கு வெச்சு இன்னொருத்தருக்கு வெக்காம விட்டா, விட்டவங்க மனசு கஷ்டப்படாதா?”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் அடுத்த கன்றுக்குத் தண்ணீர் விடப் போனேன்.

ஒரு ஞாயிறு சாயந்திரம் வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் பெவர்லியும் ரொசாரியோவும். துணைக்கு நான்.

“பெவர்லி, து இஹா இ, மி இஹா இ.” உங்கள் மகளும்தான், என் மகளும்தான்.

ரொசாரியோ காத்திருந்தார். அவர்கள் பேச்சில் ‘இ’ என்றால் பின்னால் இன்னும் ஏதோ வர வேண்டும். “இ?” என்று மெல்லக் கேட்டார்.

கொரெட்டியிடம் அதற்கு மேல் வார்த்தை இல்லை. “அவ்ளோதான்லா,” என்று அழுதுவிட்டாள். அம்மாவின் ‘இ’ எங்கிருந்து வருகிறதென்று பெவர்லி மாமியாருக்கு விளக்கினாள். அவர் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

மறுமாதம் ஒரு காலை, நாங்கள் வேலையில் இருந்தபோது ரொசாரியோவின் குரல் செய்தி வந்தது.

“பெவர்லி இ, பெபே இ, பியேன்.”

தாயும் சேயும் நலம்.

கொரெட்டி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அவள் கையிலிருந்த குழாயின் தண்ணீர் என் காலை நனைத்தது. திட்ட எனக்கு மனம் வரவில்லை.

“கேட்டியா மோகனா, யாரையும் விடலைலா,” என்றாள்.