ஆணியில் தொங்கிய பேட்ஜ்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக அவர் 'மூச்சுக்காரர்'தான். எக்ஸ்ரே அறையில் நாளொன்றுக்கு நூற்றிருபது பேரையாவது நிற்க வைத்து, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர். வீட்டிலும் அது விடவில்லை. அவர் கோபத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், மனைவி தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமலே சொல்வாள்:

"இழுத்தாச்சு, பிடிச்சாச்சு. விட்டீங்கன்னா சாப்பிடலாம்."

கூட்டத்தைச் சமாளிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வரிசையை ஒரு பார்வை பார்த்தே யாருக்குக் கால், யாருக்கு நெஞ்சு என்று சொல்லிவிடுவார். கதறும் குழந்தைகளை அவரே மேஜையில் அழுத்திப் பிடித்துக்கொள்வார். கூட வேலை செய்பவர் பொத்தானை அமுக்குவார். அறையில் இருந்தது ஒரே ஒரு ஈயக் கவசம். அதைக் குழந்தையின் அம்மாவுக்கு மாட்டிவிடுவார். "எனக்குப் பழகிடுச்சு" என்பார். கதிர்வீச்சு பழகுகிற சமாச்சாரம் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பேட்ஜ் உண்டு. தீப்பெட்டி அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை. சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் உறையில் போட்டு ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால், அந்த மாதம் உடம்பு எவ்வளவு கதிரை வாங்கியது என்று அளந்து எழுதி அனுப்புவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் அவருடைய அளவு எகிறிவிட்டது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டு மாதம் அவரைப் பழைய கோப்புகள் இருக்கும் ரெக்கார்டு அறையில் உட்கார வைத்தார்கள். மாற்று ஆள் வரவில்லை. வரிசை மாடிப்படி வரை நீண்டது. இடுப்பு உடைந்த ஒரு பெரியவர் காலையில் வந்தவர், மாலைவரை தள்ளுவண்டியிலேயே கிடந்தார். மூச்சுக்காரர் கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டே கோப்புகளுக்கு நூல் கட்டினார்.

திரும்பி வந்ததும் வழி கண்டுபிடித்தார். எக்ஸ்ரே அறையிலிருந்து இரண்டு சுவர் தள்ளி ஸ்டோர் ரூம். அங்கே காலண்டர் மாட்டுகிற ஆணி ஒன்று இருந்தது. பேட்ஜை அதில் மாட்டினார்.

"இது என்ன தடுக்கவா போகுது? எழுதத்தானே போகுது" என்றார், யாரும் கேட்காமலே.

அதன்பின் மாதா மாதம் பூஜ்யம். இருபத்து மூன்று வருடப் பூஜ்யம்.

நான்கு வருடம் முன்பு அவருக்குத் துணையாக ஒரு பெண் வந்தாள். ஒப்பந்த வேலை, நிரந்தரமாகவில்லை. அவர் அவளைத் தங்கச்சி என்றார், அவள் அவரை அண்ணே என்றாள். முதல் நாளே டீ எங்கே கிடைக்கும், கழிப்பறைச் சாவி எங்கே இருக்கும், பேட்ஜை எங்கே மாட்ட வேண்டும் என்று மூன்றையும் காட்டிக் கொடுத்தார். ஆணியில் இரண்டு பேட்ஜ் தொங்கின.

இந்த வருடம் அவருக்கு ஒரு கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. அதற்கு முன் ரத்தம் பார்த்தார்கள். வெள்ளை அணுக்கள் கூட்டமாக நின்றன, அவருடைய வரிசை மாதிரி. ரத்தப் புற்று, மெல்ல நகரும் வகை, மாத்திரையில் கட்டுப்படுத்தலாம் என்றார் ரத்த நோய் டாக்டர்.

"இது எக்ஸ்ரேயால வந்ததா டாக்டர்?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எக்ஸ்ரே ரூம் பக்கமே போகாதவனுக்கும் இது வருது. கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்குல வாங்கினா வாய்ப்பு கொஞ்சம் கூடும். அதுக்கு மேல ரத்தம் எதையும் சொல்லாது. உங்க பேட்ஜ் ரிப்போர்ட் இருக்குமே, கொண்டு வாங்க."

கொண்டு போனார். டாக்டர் தாள்களைப் புரட்டிப் புரட்டிச் சிரித்துவிட்டார்.

"என்னங்க இது, அந்த ஒரு வருஷத்தை விட்டா நான்கூட இதைவிட அதிகமா வாங்கியிருப்பேன். வேலையால வந்ததுன்னு இதை வச்சுக்கிட்டு எழுத முடியாது."

மூச்சுக்காரரும் கூடச் சிரித்து வைத்தார். வேறென்ன செய்வது?

"அப்போ வேலையால இல்லையாமா?" என்றாள் மனைவி.

"பேப்பர்படி இல்ல."

"வியாதி பேப்பருக்கா வந்திருக்கு?"

ஆணியைப் பற்றி அவளிடம் அவர் சொன்னதே கிடையாது.

அதே வாரம் தங்கச்சி டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"அண்ணே, எனக்கு மூணு மாசம்."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் அவருடைய கண் தானாக எக்ஸ்ரே அறைக் கதவின் கீழ் மூலைக்குப் போயிற்று. கதவுக்குள் இருக்கும் ஈயத் தகடு அங்கே பிதுங்கி விலகி, ஒரு விரல் நுழையும் இடைவெளி விழுந்து வருடம் இரண்டாகிறது. கதவுக்கு வெளியே பொத்தான் மேஜையும் அவள் நாற்காலியும் சரியாக அதற்கு நேரே. மூன்று முறை எழுதிக் கொடுத்தார்கள். பராமரிப்புப் பிரிவு மூன்று முறையும் ஒரே பதிலை அனுப்பியது: 'ஊழியர் அளவீடுகள் பூஜ்யம். ஆகவே கசிவு இல்லை.'

வேறு பிரிவு கேட்டு அவள் மனுக் கொடுத்தாள். அந்தப் பதிலும் நான்கே நாளில் வந்தது. அளவீடுகள் பூஜ்யம், பிரசவ விடுப்புவரை அதே பணியில் தொடரலாம்.

மூச்சுக்காரர் துறைத் தலைவியான பெரிய டாக்டரிடம் போய் ஆணிக் கதையைச் சொன்னார். அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார்.

"இதை எழுத்துல குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? நீங்க நிரந்தரம், ஒரு விசாரணையோட போயிடும். அவ ஒப்பந்தம். பொய் அளவு காட்டினாள்னு அன்னைக்கே வெளிய அனுப்பிடுவாங்க."

"ஆணியைக் காட்டினது நான்தானே மேடம்."

"மாட்டினது அவதானே?"

"வேற ஆளாவது போடுங்க."

"ஆறு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

தங்கச்சியும் எழுத வேண்டாம் என்றாள். அவள் கணவனுக்குப் போன வருடம்தான் வேலை போயிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"குழந்தைக்கு ஏதாவது ஆகுமா அண்ணே?"

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதும்மா."

"பெரும்பாலும்னா?"

அதற்கு மேல் டாக்டர்களுக்கே தெரியாது.

அவர் ஒரு கணக்குப் போட்டார். இந்த மாதம் எல்லாப் படத்தையும் தானே எடுப்பது. தங்கச்சி வராந்தாக் கோடியில் பதிவு மேஜையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. இரண்டு பேரும் பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொள்வது. அவருடைய அளவு நிச்சயம் எகிறும். எகிறினால் யாராவது வந்து கதவைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மறுநாள் காலை சட்டையில் பேட்ஜோடு அவர் கிளம்பியதைப் பார்த்து மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"இது என்ன புதுசா?"

"புதுசு இல்ல."

அவள் பேட்ஜைப் பார்த்துவிட்டு மெஷினைத் திரும்ப ஓட்டினாள். இன்னும் கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அந்த மாதம் முழுக்க அவர் தனியாகவே ஓடினார். குழந்தைகளைப் பிடித்தார், பொத்தானை யாராவது நர்ஸ் அமுக்கினாள். மாத்திரையை வரிசைக்கு நடுவே நின்றபடியே விழுங்கினார். வரிசையில் இருந்த ஒரு கிழவர், "தம்பி, முதல்ல நீ மூச்சு விடு" என்றார்.

ரிப்போர்ட் வந்தது. கணக்கு தப்பவில்லை. அவருடைய அளவு எல்லையைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. கூடவே ஆணை. ஊழியரின் உடல்நலம் கருதி மூன்று மாதம் எக்ஸ்ரே அறைக்கு வெளியே, ரெக்கார்டு பிரிவில் பணி. கதவு, அடுத்த ஆய்வுச் சுற்று வரும்போது பரிசோதிக்கப்படும். அதுவரை எக்ஸ்ரே பணியை, அளவீடு பூஜ்யமாக உள்ள உதவியாளர் கவனிப்பார்.

முதல் முறையாக அவளுடைய பூஜ்யம் நிஜமான பூஜ்யம். அதை உண்டாக்கியது அவர்.

தாளை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் ஓடினார்.

"உங்களைக் காப்பாத்தத்தான் இந்த விதி" என்றார் அந்த அம்மா, சோர்வாக.

"நான் வாங்கினது வாங்கினதுதான் மேடம். என்னையே போட்டுடுங்க. பேட்ஜைத் திரும்ப ஆணியில மாட்டிடுறேன்."

"இப்ப உங்க பேரு மேலிடத்துல இருக்கு. அந்த ரூம்ல உங்களைப் பார்த்தா எனக்குத்தான் கடிதம் வரும். அந்தப் பொண்ணு ஜாக்கிரதையா இருக்கட்டும்."

திங்கட்கிழமை அவர் ரெக்கார்டு அறையில் உட்கார்ந்தார். அதே மேஜை, அதே நூல்கண்டு. கண்ணாடிக்கு அப்பால் வரிசை மாடிப்படியைத் தொட்டிருந்தது. தங்கச்சி ஈயக் கவசத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நாற்காலியைக் கதவிலிருந்து இரண்டடி நகர்த்திவிட்டதாகச் சொன்னாள். மேஜை ஒயர் அதற்கு மேல் எட்டவில்லையாம்.

"பேட்ஜ்?" என்றார்.

"குத்தியிருக்கேன், கவசத்துக்கு உள்ள." வயிற்றுப் பக்கம் தொட்டுக் காட்டினாள். "இது எதையும் தடுக்காதுல்ல அண்ணே?"

"தடுக்காதும்மா. எழுதும்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். உள்ளே ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. கதவு மூடியது. மேலே, கதிர் பாயும்போது எரிகிற சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. குழந்தை அசைந்திருக்க வேண்டும், இரண்டாவது படம்.