திறந்து பார்த்த பிரதி

பழைய கணினியில் உள்ளதையெல்லாம் துடைத்து, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றித் தருவது என் தொழில். ஏற்றத் தெரிந்தவர்கள் நிறைய, துடைக்கும் முன் செய்ய வேண்டியதைத் தெரிந்தவர்கள் ஒருமுறை கை சுட்டவர்கள் மட்டுமே. உங்களில் பலருக்கும் அந்தத் தழும்பு இருக்கும்.

இடம் நிறைய

சூரமங்கலத்தில் என் கடைக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர். மகள் கல்யாணப் படங்களைத் தனி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்துவிட்டு, கணினியில் இருந்த அசலை அழித்தார். பிரதி டிஸ்கைக் கழற்றாமலே லினக்ஸ் நிறுவ உட்கார்ந்தார். எந்த டிஸ்கில் நிறுவலாம் என்று திரை கேட்டதும் அதையே காட்டிவிட்டார்; பிரதியும் போயிற்று. ஏன் என்று கேட்டேன்.

"அதுலதான் சார் எடம் நெறைய இருந்துச்சு."

சுவரில் ஒட்டியது

அன்றே கடைச் சுவரில் ஒட்டினேன்: ‘பிரதியைத் திறந்து பாருங்கள். பிறகு கழற்றி வையுங்கள்.’ நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர் அதை நின்று படித்தார். வீட்டிலேயே லினக்ஸ் நிறுவிக்கொள்ளத் தேவையானதை வாங்கிப் போனார். அவர் கணினியில் முக்கியமானது ஒரே ஒரு வீடியோ. லாரி ஓட்டிய மகன் விபத்தில் இறந்துவிட்டான். அவன்தான் எதிர்ப்பக்கம் ஏறி வந்தான் என்று வழக்கில் எதிர்த்தரப்பார் சொல்கிறார்கள். முன்கண்ணாடிக் கேமராவோ அவன் தன் பக்கத்திலேயே வந்ததைப் பதிந்திருந்தது. கேமராவின் கார்டு வேறு லாரிக்குப் போய்ப் பழைய பதிவு அழிந்துவிட்டது. கணினியில் மிஞ்சிய வீடியோவை வக்கீலிடம் இன்னும் கொடுத்திருக்கவில்லை.

சில நாளில் திரும்பி வந்தார். லினக்ஸில் வீடியோ திறக்கவில்லையாம். அவர் பிரதி எடுத்து வைத்திருந்த பென் டிரைவைச் செருகினேன். உள்ளே இருந்தது வீடியோ அல்ல, டெஸ்க்டாப்பில் கிடந்த ஷார்ட்கட். வீடியோ இருக்கும் இடத்தைக் காட்டும் வெறும் கைகாட்டி. அந்த இடத்தையோ துடைத்தாகிவிட்டது. முன்பே திறந்து பார்க்கவில்லையா என்றேன்.

"நீங்க செவுத்துல ஒட்டுன மாதிரியே தொறந்து பாத்தனுங்க. நல்லா ஓடுச்சுங்களே."

மீட்டது

ஓடத்தான் செய்யும். அதே கணினியில் திறந்தால், ஷார்ட்கட் அங்கிருக்கும் அசலைத்தான் எடுத்துக் காட்டும். இதை அவருக்குத் தெளிவாக விளக்கினேன். எதையும் தெளிவாக விளக்குவது எனக்குப் பழக்கம், அன்று அது பழக்கதோஷம். பிறகு டிஸ்கை வாங்கி, அழிந்தவற்றைத் தேடும் மென்பொருளை ஓடவிட்டேன். புது வர்ணம் பூசிய லாரிகளின் படங்கள் வரிசையாக வந்தன. வீடியோ இருந்த இடத்தில் லினக்ஸ் உட்கார்ந்திருந்தது. டிஸ்கைத் துண்டில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அவன் சைடுலதாங்க வந்தான். பெத்தவன் பாத்தேன்னு சொன்னா கோர்ட்டு எடுத்துக்குமுங்களா?"

சுவரில் இப்போது ‘வேறு கணினியில்’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்து ஒட்டியிருக்கிறேன்; எந்த எச்சரிக்கையும் முதல் தடவையே முழு வாக்கியமாக அமைந்துவிடுவதில்லை.