ஒரு தட்டு பாட் தாய், ஆறு யூனிட் இன்சுலின், ஜவ்வாது மலை

ஜவ்வாது மலையில் தாய்லாந்துத் தெருவோர உணவு கிடைக்கிறது என்பதை ஒரு காணொளியில்தான் முதலில் பார்த்தேன். அதில் பேசிய இளைஞர் தட்டைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டி, "செம டேஸ்ட், நானூறு கலோரிக்குள்ளதான் மக்களே, சுகர் இருக்கிறவங்களும் பயமில்லாம சாப்பிடலாம்" என்றார். யார் அளந்தது, எதை வைத்து அளந்தது, மாவுச்சத்து எவ்வளவு என்று பின்னூட்டத்தில் மரியாதையாகத்தான் கேட்டேன். கேள்வியை நீக்கிவிட்டு எனக்குத் தன் பக்கத்தின் கதவையும் சாத்திவிட்டார். அதனால் நானே போவது என்று முடிவு செய்தேன். பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

இந்தத் தளத்துக்குப் புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். துறைத் தலைவர் பதவியை என்னைவிட ஏழு வயது இளையவருக்குக் கொடுத்தார்கள் என்பதை இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன், இன்று வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவன். பத்து கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்பது என் மருத்துவர் எனக்குச் சொன்ன கணக்கு. உங்களுடையது வேறாக இருக்கும், என் கணக்கை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னைப் போன்றவர்களுக்குத் தட்டில் என்ன இருக்கிறது என்பது ருசி சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. கூடப் போட்டால் மயக்கம், குறையப் போட்டால் இரண்டு நாள் நாசம்.

வேலூரிலிருந்து போளூர், அங்கிருந்து ஜமுனாமரத்தூர். போளூரிலிருந்து மலைக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. எட்டரைக்கு என்று சொன்ன பஸ் ஒன்பது இருபதுக்கு வந்தது. கேட்டதற்கு நடத்துனர், "வந்துச்சுல்ல சார், ஏறுங்க" என்றார். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். ஜன்னல் கண்ணாடி மூடாது. மலை ஏற ஏறச் சாலை ஓரமெல்லாம் தார்ப்பாயில் புளி காய்ந்துகொண்டிருந்தது. இது புளி உலுக்கும் பருவம்.

ஜமுனாமரத்தூரிலிருந்து பீமன் அருவிக்கு மூன்று கிலோமீட்டர் போல. ஷேர் ஜீப்பில் முப்பது ரூபாய் வாங்கினார்கள். பிப்ரவரியில் அருவி என்ற பெயரில் பாறை ஈரமாக இருக்கிறது, அவ்வளவுதான். இதற்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. படிக்கட்டில் ஒரு குடும்பம் குரங்குகளுக்குச் சிப்ஸ் ஊட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. சிப்ஸ் தீர்ந்ததும் ஒரு குரங்கு நேராக வந்து என் பையின் பக்கவாட்டுப் பையைக் கிழித்து, நான் எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. சர்க்கரை இறங்கினால் காப்பாற்றுவதற்கென்று நான் சுமந்த ஒரே பொருள் அது. அந்தக் குடும்பம் சிரித்தது. குழந்தைகள் கைதட்டின.

கடை அருவியிலிருந்து அரைக் கிலோமீட்டரில், சாலை வளைவில் இருக்கிறது. ஒரு தள்ளுவண்டி, நீலத் தார்ப்பாய், நான்கு ஸ்டூல். நடத்துபவர் கோவிந்தன், இதே மலைக்காரர். தாய்லாந்தில் ஒரு தீவு ஹோட்டலின் சமையலறையில் எட்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அரிசி நூடுல்ஸ் சென்னையிலிருந்து வருகிறது. மற்றதெல்லாம் மலைச் சரக்கு என்றார்: புளி, வேர்க்கடலை, பப்பாளிக்காய். பனஞ்சர்க்கரைக்குப் பதில் வெல்லம், மீன் சாறுக்குப் பதில் கருவாடு ஊறிய தண்ணீர்.

"வெல்லம் எத்தனை கிராம் போடறீங்க?" என்றேன்.

"அங்க எல்லாம் நிறுத்துத்தான் சார் போடுவோம். செஃப் கத்துவான். இங்க யாரு சார் கத்தறது? இவதான் கத்தறா" என்று மனைவியைக் காட்டினார். அவர் அலமேலு. முப்பத்தைந்து வயது இருக்கலாம். வண்டிக்குப் பக்கத்தில் காயவைத்திருந்த புளியைக் கிளறிக்கொண்டிருந்தார். நானும் சும்மா இருக்காமல் இரண்டு பழத்தை எடுத்து ஓட்டை உடைத்துப் பார்த்து, கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டுவைத்தேன். அவர் புளியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

பாட் தாய், அதாவது புளிக்கரைசலில் வதக்கிய அரிசி நூடுல்ஸ், ஒரு தட்டு நூற்றிருபது ரூபாய். கோவிந்தன் வாணலியில் போட்டுக் கிளறும்போதே செயலியைத் திறந்தேன். வருடச் சந்தா கட்டி வாங்கிய செயலி. "பாட் தாய்" என்று தேடினால் பதினோரு பதில் வருகிறது. ஒன்று முந்நூறு கலோரி என்கிறது, இன்னொன்று தொள்ளாயிரம். எல்லாமே "ஒரு தட்டு". எந்தத் தட்டு? யார் வீட்டுத் தட்டு? மாணவன் விடைத்தாளில் அலகு எழுதவில்லை என்றால் நான் முழு மதிப்பெண்ணையும் வெட்டுவேன். இவர்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். கடைசியில் எடை குறிப்பிட்டிருந்த ஒரே ஒரு பதிவைத் தேர்ந்தெடுத்தேன். நானூறு கிராம், அதில் அறுபது கிராம் மாவுச்சத்து. ஆறு யூனிட். சாப்பாடு இறங்கப்போகிறது என்று வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டேன். கோவிந்தன் தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அருவிப் பக்கம் இரண்டு பார்சல் கொடுக்க பைக்கில் கிளம்பிப் போனார்.

தட்டு வந்தது. பையிலிருந்து தராசை எடுத்து வைத்தேன். ஐந்து கிலோ வரை நிறுக்கும் சின்ன மின்தராசு. காலித் தட்டின் எடையைக் கழித்தால் 310 கிராம். குறைவு. ஊசி நானூறுக்குப் போட்டாகிவிட்டது.

அலமேலு எட்டிப் பார்த்தார். வாணலியிலிருந்து ஒரு கை அள்ளி மேலே போட்டார். மறுபடி நிறுத்தேன். 365. மறுபடி ஒரு கை. 440. இப்போது அதிகம். நான் ஃபோர்க்கால் நாற்பது கிராம் எடுத்துக் காகிதத்தில் ஒதுக்க ஆரம்பித்தேன்.

பஸ்ஸுக்காக ஸ்டூலில் காத்திருந்த தாடிக்காரர் ஒருவர், "இன்னா சார், துன்றதுக்கு வந்தீங்களா, ஏலம் வுட வந்தீங்களா?" என்றார்.

அலமேலு சிரிக்கவில்லை. "எந்த மண்டி நீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "நானூறு கிராம்தாம்மா வேணும்" என்றேன்.

"மொதல்ல நிறுத்தீங்க. போட்டேன். அப்பால திருப்பி நிறுத்தீங்க, அதுக்கும் போட்டேன். இப்போ ஜாஸ்தின்னு எடுத்து வெளிய வைக்கிறீங்க. புளியத்தான் அப்பிடிப் பண்றீங்கன்னா, ஆக்கி வெச்ச சோத்தையுமா? ஒங்க காசு வேணாம். போய்ட்டு வாங்க." தட்டை என் கைக்கு முன்னாலிருந்து எடுத்து வண்டிக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

ஒரு நியாயமான மனிதர் அந்த இடத்தில் ஊசி போட்ட விஷயத்தைச் சொல்லியிருப்பார். ஆனால் நியாயமாக நடந்துகொண்டு நான் இதுவரை என்ன பெற்றேன்? முன்னால் வைத்த தட்டைப் பிடுங்குகிற கடையில் கெஞ்சிச் சாப்பிட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்று தராசைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஜமுனாமரத்தூர் வரை வேறு கடை இல்லை என்பது நடக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. ஜீப் வரும் என்று ஒரு புளியமரத்தடியில் நின்றேன். வரவில்லை. இரண்டு பைக் போயின, கை காட்டினேன், அவர்களும் எனக்குக் கை காட்டிவிட்டுப் போனார்கள்.

சர்க்கரை இறங்குவதற்கு அறிகுறிகள் உண்டு: வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத கோபம். கடைசியது எனக்கு எப்போதும் இருப்பதால் அதை நம்ப முடியாது. உதடு மரத்துப்போனபோது விரலைக் குத்திப் பார்த்தேன். 61. ஊசி இன்னும் தன் வேலையில் பாதியைக்கூட முடித்திருக்காது. குளுக்கோஸ் குரங்கிடம் இருக்கிறது. திரும்பி நடந்தேன். இருநூறு மீட்டர் இருக்கும், இருமுறை சாலையோரக் கல்லில் உட்கார்ந்து எழுந்தேன்.

என் முகத்தைப் பார்த்ததும் தாடிக்காரர்தான் முதலில் எழுந்தார். "யம்மோய், சார் வேர்த்து வுட்டுக்கினு வர்றாரு பாரு."

"ஊசி போட்டுட்டேம்மா. சாப்பிட்டே ஆகணும்" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

"இன்னா ஊசி? சக்கர ஊசியா?" அலமேலுவின் குரல் மாறிவிட்டது. "ஊசியப் போட்டுக்கினா எழுந்து போனீங்க? அறிவு கீதா ஒங்களுக்கு? ஒரு வார்த்த சொல்றதுக்கு வாய் இல்ல? குந்துங்க மொதல்ல!" இந்த வயதில் யாரும் என்னை இப்படித் திட்டியதில்லை. ஒரு பாட்டிலைத் திறந்து தேனைக் கரண்டியில் ஊற்றி வாயருகே நீட்டினார். மூன்று கரண்டி. அதன் பிறகு வாழைப்பழம். அதன் பிறகு அந்தத் தட்டு, நான் ஒதுக்கிவைத்த நாற்பது கிராமையும் சேர்த்து. முடிக்கும் வரை இடுப்பில் கை வைத்து எதிரிலேயே நின்றார். நிறுக்கவில்லை. ருசியைப் பற்றிச் சொல்ல வேண்டும் அல்லவா? புளிப்பு முதலில் வருகிறது, இனிப்பு பின்னால், கருவாடு கடைசியில். நன்றாக இருக்கிறது. அந்தக் காணொளி இளைஞர் சொன்னதில் இது ஒன்றுதான் உண்மை.

கோவிந்தன் திரும்பி வந்து, "இன்னா சார் ஆச்சு?" என்றார்.

"இவரு ஊசியப் போட்டுக்கினு எங்கிட்ட ரோஷம் காட்டிட்டாரு" என்றார் அலமேலு. "தராசு வெச்சுக்கினு வந்தாரா, புளி வெல வேற கேட்டாரா, நான் மண்டியாளுன்னு நெனச்சுட்டேன்."

கோவிந்தன்தான் விளக்கினார். அவர்களுக்கு நான்கு புளியமரம். அடிவாரத்திலிருந்து மண்டி வியாபாரி ஒருவர் ஒவ்வொரு பருவத்திலும் தன் தராசோடு வருவார். வீட்டில் ஐந்து மூட்டையாக இருப்பது அவர் கொக்கித் தராசில் தொங்கினால் நாலரையாகிவிடும். "கேட்டா ஈரம்பாரு. நல்லாக் காயவெச்சுக் குடுத்தா தூசிம்பாரு. வேற யாபாரி வண்டி இங்க வராது சார்." அதனால்தான் மலையில் தராசோடு யார் வந்தாலும் யாருக்கும் பிடிப்பதில்லை.

எனக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது, கோபமும் கூடவே ஏறியது. செயலி மேல் இருந்தது, குரங்கு மேல் இருந்தது, அலமேலு மேலும் கொஞ்சம் இருந்தது. எல்லாம் அந்த மண்டி ஆளின் பக்கம் திரும்பிவிட்டது. தகுதியானவனின் பங்கைக் குறைத்து எழுதிவிட்டு அதற்கு ஒரு காரணமும் சொல்கிறவர்களை நான் இருபது வருடம் பக்கத்து நாற்காலியில் பார்த்தவன். தராசை எடுத்து வண்டிப் பலகைமேல் வைத்து, "இதை வெச்சுக்குங்க" என்றேன்.

அலமேலு அதை உடனே தொடவில்லை. "இதுவும் ஒங்க தராசுதானே" என்றார். வண்டிக்குப் பின்னால் போய்ப் பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தார். 1,006 காட்டியது. பாக்கெட்டை எடுத்தார், மறுபடி வைத்தார். 1,006. "கவர் எடைதாம்மே அது" என்றார் கோவிந்தன். அதன் பிறகுதான் வாங்கிக்கொண்டார். பேட்டரி எங்கே போடுவது என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

வீடு திரும்பியபோது மணி ஏழு, சர்க்கரை 287. அந்தப் பகல் உணவை எழுதும்படி செயலி மூன்று நாள் நினைவூட்டியது. சந்தாவை நிறுத்திவிட்டேன். மீதி மாதங்களுக்குப் பணம் திரும்ப வராதாம். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அவர்கள் படிக்கட்டும்.

பத்து நாள் கழித்துக் கோவிந்தன் போன் செய்தார். மண்டிக்காரர் வந்தாராம். அலமேலு கூடையில் நான்கு கிலோ புளியை என் தராசில் நிறுத்து, அதே கூடையை அந்த ஆளின் கொக்கியில் மாட்டினாராம். மூன்றரை. பேட்டரி இறங்கியிருக்கும் என்று மண்டிக்காரர் சொல்ல, அலமேலு புதுப் பேட்டரி போட்டு அதே நான்கைக் காட்டி, "அப்போ இதுலயே நிறுத்துக்கலாம், நேரம் கீது" என்றாராம். ஐந்து கிலோ தராசில் ஐந்து மூட்டைப் புளி. கூடை கூடையாகச் சாயங்காலம் வரை நிறுத்தார்கள். கேட்கக் கேட்க எனக்கு எத்தனையோ நாளைக்குப் பிறகு மனம் நிறைந்தது.

"கடைசில மேல ஒரு கை புளியும் அவ போட்டா சார்" என்றார் கோவிந்தன்.

"அந்த ஆளுக்கா? எதுக்கு?" என்று கத்திவிட்டேன்.

"நிறுத்துக் குடுத்தா மேல ஒரு கை போடணும் சார். ஒங்களுக்கும் போட்டாள்ல?"

அன்று தட்டு குறைவு என்று நான் முகம் சுளித்ததற்காக அவர் போடவில்லை. ஒவ்வொரு முறை நிறுத்ததற்கும் ஒரு கை. மூன்றாவது முறைக்கும் ஒரு கை விழுந்திருக்கும், அதற்குள் நான் எடுத்து ஒதுக்க ஆரம்பித்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: அருவி பார்க்க வேண்டுமென்றால் மழை முடிந்த பிறகு போங்கள். குளுக்கோஸைச் சட்டைப் பையில் வையுங்கள், பையின் ஓரத்தில் வேண்டாம். அங்கிருந்து திரும்பக் கடைசி பஸ் எப்போது என்று ஏறும்போதே இரண்டு பேரிடம் கேளுங்கள், ஒருவர் சொல்வது போதாது. கோவிந்தன் கடை ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டாயம் இருக்கும். உங்கள் தராசைக் கொண்டுபோகாதீர்கள், வண்டியில் ஒன்று இருக்கிறது. கேட்டால் அலமேலு உங்கள் முன்னாலேயே நிறுத்துத் தருவார். ஒரு முறை மட்டும் கேளுங்கள். நிறுத்த பிறகு மேலே ஒரு கை விழும். அது விழும் வரை காத்திருந்து, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, பிறகு ஊசியைப் போடுங்கள்.