றோசலின் அக்கா கேட்ட படம்

றோசலின் அக்கா போய்விட்டார்.

இன்று காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவருடைய மகளின் மெசேஜ் வந்தது. மூன்றே வரி, கடைசி வரியில் சனிக்கிழமை சேர்ச்சில் இறுதிச் சடங்கு என்று. ஓகூஸில் நான் இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டி இரண்டு தரிப்பு போன பிறகுதான் கவனித்தேன்...

இங்கே நான் அதிகம் எழுதுவதில்லை. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த டென்மார்க்கில், சில்க்போர்க் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வருடம் நானும் அவரும் ஒன்றாக வேலை செய்தோம். நான் ஒஃபிஸில், அவர் சலவைப் பகுதியில். மட்டக்களப்புக்காரி. பழைய துணிகளை வெட்டி ஒட்டிப் போர்வை தைப்பார். மிஞ்சிய நூலில் ஸ்கார்ஃப் பின்னுவார். யாருக்காவது மனம் சரியில்லை என்று கேள்விப்பட்டால் போதும், ஒன்று தயாராகிவிடும்.

எனக்குக் கோட் பொத்தானை மேல்வரை பூட்டாமல் நிற்கும் பழக்கம். முதல் வாரமே பஸ் தரிப்பில் பிடித்துவிட்டார்.

"கழுத்த மூடு புள்ள. இந்த ஊர்க் குளிர் கழுத்தாலதான் உள்ள போகும்."

பையிலிருந்து ஒரு ஸ்கார்ஃப் வந்தது. பச்சையும் ஒரேஞ்சும். நான் தயங்கினேன்.

"நிறத்தப் பாக்காத. குளிருக்குக் கண் இல்ல."

அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. போர்வை வாங்குகிறவர் அதைப் போர்த்துக்கொண்டு நின்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதை அச்செடுத்து ஒரு ஆல்பத்தில் ஒட்டுவார். ஆளுக்கொரு பக்கம். தேத்தண்ணி நேரத்தில் புரட்டிக் காட்டுவார். "இவ டிவோர்ஸ். இவர் முழங்கால் ஒப்பரேஷன். இவ சோதின பெயில், இப்ப டொக்டர்."

"மனம் பாரமா இருந்தா நான் இதத்தான் பாக்கிற. எல்லாரும் குளிராம இருக்காங்க, பாரு."

மூன்றாவது வருடம் மனம் சரியில்லாமல் போனது எனக்கு. நீண்ட சிக் லீவ். ரண்டர்ஸில் அம்மா வீட்டு அறையை விட்டு வெளியே வராத மாதங்கள்.

அக்கா பஸ் மாறி மாறி வந்து, ஒரு பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வராமலே போனார். நான் யாரையும் பார்க்க மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பைக்குள் போர்வை. அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன காற்சட்டைகள், குசினித் திரைச்சீலை... நடுவில் மட்டும் பளபளப்பாக ஒரு நீலத் துண்டு. டென்மார்க் வந்த புதிதில் அகதி முகாமில் அவருக்குக் கொடுத்த முதல் கோட்டின் உள்துணி.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பழந்துணியைத் தைச்சு ஒராளுக்குக் குடுக்கிறதே? ஒரு மரியாதை வேண்டாமோ?"

நான் அந்தக் குளிர்காலம் முழுவதும் அதற்குள்தான் கிடந்தேன். படம் மட்டும் எடுக்கவில்லை. தலை வாரி இழுக்காமல், முகம் வீங்கி... பிறகு எடுக்கலாம் என்று விட்டேன்.

பிறகு சுகம் வந்தது. ஓகூஸில் புது வேலை, புது வீடு. போர்வையை அம்மா வீட்டு அலுமாரியில் விட்டுவிட்டுப் போனேன். சுகம் வந்ததும் அதை மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஒருநாள் நினைவு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"எந்தப் போர்வை?"

"றோசலின் அக்கா தந்தது."

"அதுவோ... சாவகச்சேரிக்குச் சித்திக்குப் பெட்டி அனுப்பேக்கை கண்ணாடிக் கிளாசுகளை அதாலைதான் சுத்தினனான். ஒண்டும் உடையேல்லை, பிள்ளை."

அம்மாவோடு என்ன சண்டை பிடிப்பது... விட்டுவிட்டுப் போனவள் நான்.

அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு வருத்தம் என்று தெரிந்தது. போன் எடுத்தேன். தன் நோயைப் பற்றி ஒரு வசனம் பேசினார். பிறகு ஆல்பத்தைப் பற்றி.

"உன்ட பக்கத்துல பேர் எழுதி வச்சிருக்கன் புள்ள. படம்தான் இல்ல. இப்ப நாள் முழுக்க எனக்கு அந்த ஆல்பம்தான்."

"அனுப்புறன் அக்கா."

"போர்வ கிடக்குதானே?"

"ஓம் அக்கா. ஒவ்வொரு நாளும் அதைத்தான் போர்த்துக்கொண்டு படுக்கிறன்."

அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார். "மறுகா என்ன வெக்கம்? தலைய இழுத்துப்போட்டு ஒரு படம் எடு."

பதினொரு மாதம். மூன்று தடவை கேட்டார். ஒரு தடவை போன் உடைந்துவிட்டது என்றேன். ஒரு தடவை வேலை என்றேன். கடைசித் தடவை மெசேஜுக்குப் பதிலே போடவில்லை.

சித்தியிடம் ஒரு படம் கேட்டிருக்கலாம். ஆனால் அதில் நான் இருக்க மாட்டேன். அக்காவிடம் உண்மையைச் சொல்ல வேண்டி வரும்.

கிளாஸ் சுற்றிய கதையைச் சொல்லியிருந்தால் அவர் வயிறு நோகச் சிரித்திருப்பார். எனக்கு அது அப்போதே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. அதுதான்...

இன்று மத்தியானம் சித்திக்கு எழுதினேன். அந்தப் போர்வை இன்னும் இருக்கிறதா, இருந்தால் யாராவது போர்த்துக்கொண்டு நிற்கும் ஒரு படம் வேண்டும் என்று.

பத்து நிமிடத்தில் வந்தது.

முற்றத்தில், நல்ல வெயிலில், சித்தப்பா. கழுத்துவரை போர்வை. நெற்றியில் வியர்வை, கமராவை முறைத்துப் பார்க்கிறார். அந்த நீலத் துண்டு சரியாக அவர் நெஞ்சில்.

கூடவே சித்தியின் குரல் மெசேஜ். "போன மாசம் காய்ச்சலுக்கை மனுசன் இதை விடவேயில்லை. வேறை ஒண்டும் வேண்டாமாம். நீ கேட்டபடி சுத்தி நிப்பாட்டியிருக்கிறன். இந்த வெக்கையுக்கை என்னத்துக்கெண்டு அவருக்குக் கோபம். ஏன் பிள்ளை, ஆருக்கு?"

ஆருக்கு என்று இன்னும் பதில் எழுதவில்லை.

படத்தை அச்செடுத்துவிட்டேன். ஆல்பத்தின் அந்தப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது, படத்தில் நான் இல்லை.

சனிக்கிழமை சேர்ச்சுக்குக் கொண்டு வருகிறேன், அக்கா. கழுத்தை மூடிக்கொண்டுதான் வருவேன்.