சாமான் அறைக்குள் ஒரு மாமா

கிளிநொச்சியில் என் வீட்டு முன்பக்கத்தில் சிறு பிள்ளைகள் பராமரிப்பு நிலையம் நடத்துகிறேன். கொரோனாக் காலத்தில் ஒரு விதி வைத்தேன். வீட்டில் யாராவது வெளிமாவட்டத்திலிருந்து வந்தால் பிள்ளையை இரண்டு கிழமை அனுப்பக்கூடாது. மறைத்தால் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிப்பேன். எல்லாப் பெற்றோரும் தலையாட்டினார்கள்.

ஒரு மத்தியானம் மற்றப் பிள்ளைகள் உறங்கிவிட, நான்கு வயது ஆரணி பூட்டியிருந்த சாமான் அறை வாசலில் குந்தியிருந்தாள். சிரட்டையில் மணற்சோறு வைத்துக் கதவை மெல்லத் தட்டினாள்.

“ஆரம்மா உள்ள?” என்றேன்.

“மாமா. சத்தம் போடாதேங்கோ ரீச்சர், ஆமிக்குக் கேக்கும்.”

உள்ளே யாருமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சாவியை எடுக்கக் கை எழவில்லை. அவள் கதவில் காதை ஒட்டினாள்.

“இண்டைக்கு இருமேல்லை. கூப்பிட்டாலும் கதைக்கிறாரில்லை.”

அவள் தன் வீட்டில் நடப்பதைத்தான் விளையாடுகிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. தாயைத் தொலைபேசியில் அழைத்து, ஆரணி சொன்னதைச் சொன்னேன். தாய் அழுதாள்.

“என்ர தம்பி கொழும்பிலயிருந்து வந்தவன், ரீச்சர். சண்டை முடிய முள்ளுக்கம்பி முகாமுக்குள்ள இருந்தவன். ஆமி நடத்துற தனிமைப்படுத்தல் முகாமெண்டதும் நடுங்கிறான். அதான் ஒளிச்சு வைச்சனாங்கள்.”

அவர்கள் வீட்டு அறைக் கதவைத் திறந்தபோது அந்தத் தம்பி மயங்கிக் கிடந்தாராம். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். எங்கள் பிள்ளைகள் ஒருவருக்கும் தொற்றவில்லை.

இப்போது எந்தக் காய்ச்சலென்றாலும் மிரட்டாமல், வந்தவருக்கு என்ன வேண்டுமென்றுதான் கேட்கிறேன். சாமான் அறையையும் பூட்டுவதில்லை. ஆரணி பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் யாருக்கும் எதுவும் சொன்னதில்லை. ஆனாலும் புதிதாக வரும் பிள்ளைகள் அந்த வாசலைக் கடக்கும்போது சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.